பாதியில நின்ன கை

நைனா மூஞ்சி மறுபடியும் நின்னுபோச்சி.

போன வாரம் வாய ஆன்னு தொறந்துக்கினு நின்னாரு. அதுக்கு முந்தின வாரம் ஒரு கண்ண மூடி ஒரு கண்ண தொறந்து, யாரையோ ஏமாத்தப் போற மாதிரி. அப்பல்லாம் மதியும் அவ அம்மா ரஞ்சிதமும் வயித்த புடிச்சிக்கினு சிரிச்சாங்க. இந்த வாரம் அம்மா சிரிக்கல. மதி பால் பாக்கெட்டோட உள்ள நுழையறப்ப, ரஞ்சிதம் லேப்டாப் முன்னாடி குந்திக்கினு, ஸ்கிரீன்ல நின்னுபோன நைனாவோட கைய ஒத்த விரலால தொட்டுக்கினு இருந்தா. தொட்டா நகரும்ன்ற மாதிரி.

நைனா கை கன்னத்துக்கும் காதுக்கும் நடுவுல நின்னுது. சொறிஞ்சிக்கறாருன்னு நெனச்சா மதி.

அம்மா திரும்பி, கையால கேட்டா. ஓட வையேன். பாதி சொல்லிக்கினு இருந்தாரு. மீதி வேணும்.

ரஞ்சிதத்துக்கு காது கேக்காது. பத்தாவது படிக்கறப்ப கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சி, கல்யாணத்துக்கு முன்னாடி சுத்தமா போயிடுச்சி. பேச வரும். ஆனா குரல் தட்டையா, ஒரே சத்தத்துல வரும். கடையில ரெண்டு பேர் திரும்பிப் பாத்து சிரிச்சதுல இருந்து வெளிய வாயத் தொறக்கறதில்ல. வூட்ல எல்லாம் கையிலதான். நைனா செல்லப்பனுக்கு நல்லா கேக்கும். ஆனா கட்டிக்கின பொண்டாட்டிக்காக கையில பேசக் கத்துக்கினவரு. ரெண்டு பேரும் சேந்து பண்ணின வார்த்தைங்க ஏகப்பட்டது இருக்குது, அந்த வூட்ட தாண்டினா ஒருத்தருக்கும் புரியாது. மூணு விரல் முட்டிய தூக்கிக் காட்டினா செஞ்சி, அவங்க ஊரு. மூணு மலை இருக்குதில்ல, அதான். மதின்னு சொல்லணும்னா கன்னத்துல விரலால ஒரு குத்து. அவளுக்கு அங்க ஒரு மச்சம்.

நைனா மஸ்கட்டுக்கு பைப் வேலைக்கு போனதுல இருந்து, ஞாயித்துக்கெழம சாயங்காலம் வீடியோ கால் மட்டுந்தான் அம்மாவுக்கு பேச்சு. போன்ல பாக்கலாம்னா, வூட்ல இருக்கற ஒரே போன் கண்ணாடி சுக்குநூறா போயி, விரலே தெரியாது. நைனாவுக்கு எழுதவும் வராது. வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாரு, மதி கேட்டு அம்மாவுக்கு கையில சொல்லுவா. மெசேஜ்ல சொல்ற சமாச்சாரம் வேற. புருசன் பொண்டாட்டி சமாச்சாரம் வேற. அதுக்கு இந்த லேப்டாப்தான். பெரியப்பா பையன் பார்த்திபன் புதுசு வாங்கினப்ப தூக்கிக் குடுத்த பழைய லேப்டாப்.

பழசா இருந்தாலும் ஓடும். ஓட வைக்கற வழி மதிக்குத் தெரியும். பிரவுசர் செட்டிங்ஸ்ல பெர்ஃபார்மன்ஸ்னு ஒரு பக்கம் இருக்குது. பேட்டரி கம்மியானா வீடியோவ மெதுவாக்கற ஒண்ண ஆஃப் பண்ணணும். மெமரிய மிச்சம் புடிக்கறேன்னு பேஜ தூங்க வெக்குமே, அதுல இருந்து கால் பேசற சைட்ட மட்டும் தனியா எடுத்து வெக்கணும். கிராஃபிக்ஸ் கார்டு உதவின்னு கீழ ஒண்ணு இருக்குது, அதையும் ஆஃப் பண்ணணும். அது ஆன்ல இருந்தா நைனா செலைதான். மூணும் பண்ணிட்டு பிரவுசர மூடித் தொறந்தா, பக்கத்து வூட்ல குந்திக்கினு பேசற மாதிரி பேசுவாரு.

ஆனா அடுத்த வாரம் தொறந்தா மூணும் பழையபடி. ஒவ்வொரு தடவையும் மொதல்ல இருந்து.

ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு அம்மா கேப்பா. பழைய லேப்டாப்மா, மறந்துடுதுன்னு மதி கையாட்டி சொல்லிடுவா. அது பொய். மறந்தது லேப்டாப் இல்ல. எல்லாத்தையும் அழிக்கறது மதிதான். இந்த வாரம் ஸ்பெஷல் கிளாஸ்ல இருந்து லேட்டா வந்து, செட்டிங்ஸ் போடறதுக்குள்ள அம்மா அவளே கால் போட்டுட்டா. போட்டதும் போடாததுமா பால் வாங்கினு வான்னு மதிய கடைக்குத் தொரத்திட்டா. ஃப்ரிட்ஜ்ல முழு பாக்கெட் ஒண்ணு இருந்துச்சி. மதிக்கு அப்ப அது தோணல.

மதிக்கு எடது காது சரியா கேக்கல.

எப்ப ஆரம்பிச்சிதுன்னு அவளுக்கே தெரியாது. இயர்போன் ஒரு பக்கம் ரிப்பேர்னு நெனச்சா. மாத்திப் போட்டா, அப்பவும் எடதுபக்கந்தான் அமுங்கி இருந்துச்சி. ரெண்டு விரல காதுகிட்ட தேச்சிப் பாப்பா. வலதுல சரசரன்னு கேக்கும். எடதுல துணிய சுத்தி வெச்ச மாதிரி. ஸ்கூல்ல யாருக்கும் சொல்லாம பெஞ்ச்ல எடது ஓரத்துக்கு மாறிட்டா, எல்லாரும் வலதுபக்கமா வர மாதிரி. ஜன்னலோரம் காத்து வருதுடின்னா. ஃப்ரெண்டுங்க நம்பிட்டாங்க.

அம்மாகிட்ட சொல்ல முடியாததுக்கு காரணம் ஒரு தாம்பாளம். மதி பொறந்த கொஞ்ச நாள்ல, ரஞ்சிதம் அவ பக்கத்துல ஒரு பெரிய தாம்பாளத்த வேணும்னே கீழ போட்டாளாம். புள்ள தூக்கிவாரிப் போட்டு வீல்னு அழுதுச்சாம். சத்தத்துல கொழந்தைய அழ வெச்சிட்டு, அத பாத்து ஆனந்தமா சிரிச்ச ஒரே அம்மா இவதான்னு சொந்தக்காரங்க இன்னும் சொல்லி சிரிப்பாங்க. அம்மாவும் சிரிப்பா. அந்த சிரிப்ப எப்படி புடுங்கறது?

அதனால மதி இன்டர்நெட்ட கேட்டா. ஒரு காது மட்டும் கேக்கல. அம்மாவுக்கு கேக்கலன்னா பொண்ணுக்கும் வருமா. வரலாம், வராமலும் போகலாம்னு இருந்துச்சி. அது போதாதா அவளுக்கு, ஸ்கூல் வுட்டு வந்து தெனம் தேடினா. தேடிட்டு கடைசி ஒரு மணி நேரத்த மட்டும் அழிப்பா. அதுக்கு முன்னாடி தேடினது உள்ளயே கெடக்கும்னு தெரியல. கால் பேசற சைட்டு பேரு கே-ல ஆரம்பிக்கும், ஒரு ஞாயித்துக்கெழம அம்மா அந்த ஒரு எழுத்த தட்டினா. காதுன்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சாலும் மொத எழுத்து அதேதான. மதி தேடினது வரிசையா கீழ வந்து நின்னுது. மதி பாஞ்சி ஸ்கிரீன்மேல கைய வெச்சி மறைச்சா. பூச்சின்னு இன்னொரு கையால காட்டினா. அம்மா அந்த கைய ஒரு தடவ பாத்துட்டு தலையாட்டிட்டா.

காது கேக்காதவளுக்கு கண்ணு எவ்ளோ கூர்மைன்னு மதிக்குத் தெரியாதா. மறுநாள் பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கற சுமலதா அக்கா கடைக்குப் போனா.

ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், டிக்கெட்டுன்னு எல்லாம் பண்ற கடை அது. ஒவ்வொருத்தரும் ஆதார், பேங்க்குன்னு தொறந்துட்டு அப்படியே எழுந்து போயிடுவாங்க. அதனால சுமலதா டெஸ்க்டாப்ல துடைப்பம் படம் போட்டு ஒரு ஐகான் வெச்சிருந்தா. ஆள் எழுந்ததும் அதுமேல ரெண்டு தட்டு. பிரவுசரோட மொத்த ஃபோல்டரும் காலி, தொறந்தா அன்னைக்குத்தான் பொறந்த மாதிரி இருக்கும். பார்த்திபன் அண்ணன் வந்து கண்டதையும் பாத்து வெக்குதுன்னு அவன்மேல பழி போட்டு, மதி அந்த துடைப்பத்த பென் டிரைவ்ல வாங்கினு வந்துட்டா. அதுல இருந்து தெனமும் லேப்டாப்ப மூடறதுக்கு முன்னாடி ரெண்டு தட்டு. பயமும் போச்சி. நைனாவோட செட்டிங்ஸும் போச்சி.

நைனா கை பாதியில நின்ன ஞாயித்துக்கெழம, கால் கட்டாயி மறுபடி கெடைக்கல. ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்துச்சி. மதி வலது காதுல வெச்சிக் கேட்டா. நாளைக்கு உள்ள பாலைவனத்துல வேற சைட்டுக்குப் போறாங்களாம், சிக்னல் இருக்காதாம், அடுத்த வாரந்தான் பேச முடியுமாம். அம்மாவ கவலப்பட வேணாம்னு சொல்லு.

மதி சொன்னா. அம்மா அவ கையவே பாத்துக்கினு இருந்துட்டு கேட்டா. வேற ஒண்ணும் சொல்லலையா?

இல்லன்னா மதி.

அந்த வாரம் பூரா ரஞ்சிதம் ஒரு மாதிரியா இருந்தா. சட்டியில எண்ணெய வெச்சிட்டு ஜன்னல் வழியா மலையையே பாத்துக்கினு நின்னா, எண்ணெ பொகைஞ்சி மதி ஓடிவந்து அடுப்ப அணைச்சா. மாடியில காயவெச்ச வடாம கொரங்கு அள்ளிக்கினு போச்சி, அதுக்கும் வெரட்டல. இன்னாம்மா ஆச்சின்னு மதி கேட்டா ஒண்ணுமில்லன்னு தோள குலுக்குவா. தனியா இருக்கறப்ப அவ கை தானா கன்னத்துக்குப் போயி, அங்கேர்ந்து காதுக்குப் போயி, பாதியில நிக்கும். நைனா நின்ன மாதிரியே.

மதி கண்டதையும் நெனச்சா. நைனாவுக்கு வேல போயிடுச்சோ? ஒடம்பு கிடம்பு சரியில்லையோ? இன்னா சேதியோ தெரியல, ஆனா அதுல பாதி வந்து சேரல. வரவிடாம பண்ணது அவதான். அவ காத மறைக்கப் போயி, அம்மாவுக்கு இருக்கற ஒரே பேச்சையும் புடுங்கிட்டா.

ஸ்கூல் வுட்டதும் நேரா சுமலதா கடைக்குப் போனா. துடைப்பமும் வேணும், ஆனா வீடியோ செட்டிங்ஸ் மட்டும் அழியாம நிக்கணும், அதுக்கு வழி இருக்குதாக்கான்னு கேட்டா. சுமலதா ஜெராக்ஸ் மிஷின்ல பேப்பர் வெச்சிக்கினே சிரிச்சா.

"ஏன்டி, வாசல மொத்தமா பெருக்குவியாம், போட்ட கோலம் மட்டும் அப்படியே இருக்கணுமாம். ரெண்டும் ஒரே எடத்துலதான்டி கெடக்குது."

துடைப்பத்தத் தூக்கிப் போடு, செட்டிங்ஸ் தானா நிக்கும்னா. எதனா மறைக்கணும்னா ஹிஸ்டரிக்குப் போயி, அந்த வரிய மட்டும் அழின்னு காட்டிக் குடுத்தா. காட்டிட்டு மதி மூஞ்சிய ஒரு பார்வ பாத்தா.

"யாரு அவன்?"

மதிக்கு மொதல்ல புரியல. புரிஞ்சதும், இல்லன்னு சொல்ல வந்தவ சும்மா இருந்துட்டா. காதுன்னு சொல்றதுக்கு பையன்னு நெனச்சிக்கறது எவ்ளவோ மேல். சுமலதா அப்புறம் விடல. ப்ளஸ் ஒன்ல இதெல்லாம் வேணாம், பசங்களுக்கு இது ஒரு நாள் ஜுரம், உங்கம்மா பாவம், உன்ன விட்டா அவளுக்கு யாருன்னு ஒரு ஆள் ரெண்டு காப்பி ஜெராக்ஸ் எடுத்து முடிக்கற வரைக்கும் அட்வைஸ். பையன் எந்த ஊருன்னு நடுவுல ஒரு கேள்வி. மேல்சித்தாமூர்னு மதி வாய்க்கு வந்தத சொல்லிட்டு ஓடிவந்துட்டா.

வூட்டுக்கு வந்து துடைப்பத்த டெலிட் பண்ணா. பென் டிரைவ்ல இருந்தும் எடுத்தா. மூணு செட்டிங்ஸையும் போட்டு, லேப்டாப்பயே ஆஃப் பண்ணி ஆன் பண்ணா. போட்டது போட்டபடி இருந்துச்சி. இவ்ளோதான். இவ்ளோ நாளா இத பண்ணாம வுட்டதுக்கு தன்னையே அறைஞ்சிக்கலாம் போல இருந்துச்சி.

பழக்கம் வுடுமா? அன்னைக்கும் தேடினா. அந்த வரிய மட்டும் அழிக்கலாம்னு சனிக்கெழமதான் ஹிஸ்டரிய தொறந்தா.

அவ தேடினது ஒண்ணு இருந்துச்சி. அதுக்கு மேல வேற நாலஞ்சி இருந்துச்சி. மதி தேடாதது.

ஒரு காது கேக்காத பொண்ணு அறிகுறி.

புள்ள தலைய சாய்ச்சி சாய்ச்சி கேட்டா காது பிரச்சினையா.

அம்மா காது கேக்காதது புள்ளைக்கு வராம தடுக்கறது எப்படி.

பாண்டிச்சேரி காது ஆஸ்பத்திரி.

மதி பக்கத்துல இருந்த நேரத்த பாத்தா. எல்லாம் மத்தியான நேரம். அவ கிளாஸ்ல குந்திக்கினு இருக்கற நேரம். வூட்ல அம்மா மட்டும் இருக்கற நேரம்.

கடைசியா ஒண்ணு, நேத்து மத்தியானம். காது டெஸ்ட் பண்ணா வலிக்குமா.

அத படிச்சதுக்கு அப்புறம் மதியால ஸ்கிரீன பாக்க முடியல. கண்ண தொடைச்சிக்கினு எட்டிப் பாத்தா. அம்மா சமையக்கட்டுல முதுகக் காட்டிக்கினு வெங்காயம் அரிஞ்சிக்கினு இருந்தா. எவ்ளோ நாளா இப்படி மத்தியானத்துல தனியா குந்தித் தேடினாளோ. தேடினத மறுநாள் தொறந்து பாத்தா இருந்திருக்காது. ஒவ்வொரு நாளும் மதி ரெண்டு தட்டு தட்டி, அம்மாவோட பயத்தையும் சேத்து பெருக்கித் தள்ளியிருக்கறா.

அழிக்கற பட்டன்மேல இருந்த விரல எடுத்தா. அம்மாவோடதுக்குக் கீழ அவளோடது. அப்படியே இருக்கட்டும்னு வுட்டுட்டா. வாயாலயும் வரல, கையாலயும் வரல. இதாவது சொல்லட்டும்.

ஞாயித்துக்கெழம சாயங்காலம். அம்மா லேப்டாப் முன்னாடி குந்தினா. மதி செட்டிங்ஸ் போட வருவான்னு திரும்பிப் பாத்தா. வேணாம், நிக்குதும்மா, நீயே தொறன்னு மதி செவுத்துல சாஞ்சி நின்னு கை காட்டினா. அவ நெஞ்சு அடிச்சிக்கறது அவளுக்கே ரெண்டு காதுலயும் கேட்டுது.

ரஞ்சிதம் கே-ன்னு ஒரு எழுத்து தட்டினா.

எல்லாம் வந்து நின்னுது. அம்மா தேடினதும், மதி தேடினதும், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா. மதி இந்த தடவ பாஞ்சி மறைக்கல. அம்மா ஒவ்வொண்ணா படிச்சா. கடைசி வரியில கண்ணு நின்னுபோச்சி. அம்மாவுக்கு கேக்கலன்னா பொண்ணுக்கும் வருமா. திரும்பவே இல்ல. கைய மட்டும் பின்னாடி நீட்டினா. மதி வந்து புடிச்சிக்கினா.

அப்படியே ஒத்தக் கையால கால் போட்டா.

நைனா வந்தாரு. தூசி படிஞ்ச தலை, பின்னாடி யாரோ லுங்கி காயப்போட்ட கயிறு, எல்லாம் அலுங்காம குலுங்காம தெரிஞ்சிது. ரெண்டு பேர் மூஞ்சியும் ஒட்டிக்கினு இருக்கறத பாத்து ஒரு நிமிசம் தடுமாறினாரு. மதிய எங்கயாவது அனுப்புன்னு அவர் கண்ணு சொல்லிச்சி. ரஞ்சிதம் தலைய ஆட்டி, இருக்கட்டும், அவளுக்குத் தெரியும்னு சொன்னா.

நைனா கைய தூக்கினாரு. கன்னத்துல ஒரு குத்து. மதி. அங்கேர்ந்து விரல் காதுக்குப் போச்சி. நிக்கல. போன வாரம் நின்ன எடத்த தாண்டி, அதும்பாட்டுக்கு போச்சி. மதிய காது டாக்டர்கிட்ட பயப்படாம கூட்டிக்கினு போ. எனக்கு லீவு தரேன்னு சொல்லிட்டாங்க. நானும் வரேன். டெஸ்ட்ல எப்படி வந்தாலும் நம்ம வூட்ல ஒண்ணும் கொறையாது.

சொறிஞ்சிக்கல அவரு. அன்னைக்கும் இதத்தான் சொல்லிக்கினு இருந்திருக்காரு.

மதி தேம்பறத பாத்துட்டு நைனா இந்த தடவ வாயாலயே சொன்னாரு, வழக்கமா அவகிட்ட பேசற மாதிரி.

"கழுத, எதுக்கு அழற? காது போனாதான் போவும். உன் வாய எவன் அடக்கறது?"

மதி அழுதுக்கினே சிரிச்சா. இன்னா சொன்னாருன்னு அம்மா அவள இடிச்சா. மதி கையில சொன்னா. அம்மாவும் சிரிச்சா, தாம்பாளத்த போட்டுட்டு சிரிச்சாளாமே, அந்த சிரிப்பு இப்படித்தான் இருந்திருக்கும். அன்னைக்கு கால் ரொம்ப நேரம் ஓடிச்சி. கை வலிக்குதுடின்னு நைனாதான் கெஞ்சி வெச்சாரு.

ராத்திரி கரண்ட்டு போயிடுச்சி. பகல் பூரா காஞ்ச பாறைங்க சூட்ட கக்கிக்கினு இருந்துச்சிங்க, ஜன்னல்ல காத்தே இல்ல. இருட்டுல கை தெரியாது. அந்த மாதிரி நேரத்துல மட்டும் ரஞ்சிதம் வாயால பேசுவா. தெனமும் மதிக்கு எடதுபக்கம் படுக்கறவ, அன்னைக்கு தலகாணிய தூக்கிக்கினு அவள தாண்டி வலதுபக்கம் வந்து படுத்தா.

"நீ தலைய சாய்க்கறத நான் பொங்கலுக்கு முன்னாடியே பாத்துட்டேன். உங்கிட்ட கேக்கத்தான் பயமா இருந்துச்சி," ன்னா. தட்டையா, கொஞ்சம் சத்தமாத்தான் வந்துச்சி குரல்.

மதி அம்மா கைய இழுத்து, உள்ளங்கையில விரலால ஒவ்வொரு எழுத்தா எழுதினா. எனக்கும் பயம்.

தெரியும்னா அம்மா. கொஞ்ச நேரம் விசிறிக்கினே இருந்தா. மதி தூக்கத்துக்குப் போறப்ப மறுபடி அந்த குரல், நல்லா கேக்கற காதுல, மூச்சு படற மாதிரி.

"டெஸ்ட் வலிக்காதாம். நான் பாத்தேன்."